கடலூரில் ஒரு செவன் காரைக் கட்டினோம்

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நகலை வீட்டிலேயே கட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் அதன் வெளித்தோற்றத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீண்ட மூக்கு, தனித்து நிற்கும் முன் விளக்குகள், சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் மட்கார்டு ஆகியவற்றைப் படத்தில் பார்த்துவிட்டு, அவற்றை எப்படிச் செய்வது என்று முதலில் கேட்கிறார்கள். கடலூரில் என் பெரியப்பா மகன் நடத்தும் வெல்டிங் பட்டறையின் பின்கட்டில் லோட்டஸ் செவன் காரின் நகல் ஒன்றை அண்ணனும் நானுமாகக் கட்டி முடித்திருக்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன்: இந்த வேலையில் தோற்றம்தான் எளிய பகுதி. மூலக் காரில் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு இணைப்பும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து, நம் ஊரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அந்தக் காரணத்தை நிறைவேற்றுவதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது. நான் கற்றவை எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன.

செவனைத் தேர்ந்தெடுத்ததற்கு வரலாறும் ஒரு காரணம். லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மன் 1957-இல் அறிமுகப்படுத்திய அந்தக் கார், வாங்குகிறவர் தம் கொட்டகையில் பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுப்பாகவும் விற்கப்பட்டது. முழுமையாகக் கட்டிய காருக்கு அன்றைய பிரிட்டனில் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கிச் சொந்தமாகக் கட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இன்றும் அந்த நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. தொடக்கக் காலச் செவன்களில் இருந்தது சாதாரணக் குடும்பக் காரிலிருந்து எடுத்த 1172 சி.சி. ஃபோர்ட் என்ஜின், ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன்தான். வண்டியின் எடை 500 கிலோவை ஒட்டியே இருந்ததால் அந்த ஆற்றலே அதை விரைவான காராக்கியது. 1990-களில் பழைய ஃபோர்ட் எஸ்கார்ட் கார்களைக் கழற்றி, சதுரக் குழாயில் சட்டகம் செய்து, அதே வகைக் காரைக் குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டும் பழக்கம் பிரிட்டனில் பரவியது. எளிய உறுப்புகள், நேர்க்கோட்டுக் குழாய்கள், பெரும்பாலும் தட்டையான தகடுகள் என்று அமைந்திருப்பதால் இந்தக் காரைத் தனி மனிதர்களால் கட்ட முடிகிறது. கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரின் வளைந்த உடலையோ போர்ஷே 550 ஸ்பைடரின் உடலையோ அச்சு வாங்காமல் வீட்டில் செய்வது மிகக் கடினம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வகை முயற்சி புதிதன்று. கோவையில் கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. வாங்கக்கூடிய என்ஜினைச் சுற்றித் தன் தேவைக்கேற்ற சட்டகத்தை அமைக்கும் அந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன்.

எங்கள் காருக்கு உறுப்புகளைத் தந்தது ஒரு பழைய மாருதி ஜிப்சி. அதன் 1298 சி.சி. என்ஜின் அலுமினியத்தால் ஆனது. 80 குதிரைத்திறன் தரும். நீளவாக்கில் அமர்ந்து ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸோடு இணைந்திருக்கும். ஜிப்சியின் அமைப்பில் எங்களுக்குப் பேருதவியாக இருந்தது அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ். நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் அந்தப் பெட்டி, கியர்பாக்ஸோடு ஒட்டி இராமல் ஒரு சிறு ஷாஃப்ட்டின் வழியாக இணைந்து தனியே நிற்கிறது. ஆகவே அதை எடுத்துவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு நேராக ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கொண்டுபோக முடிந்தது. மாருதி 800-இன் என்ஜின் எங்கும் மலிவாகக் கிடைக்கும் என்றாலும், அது குறுக்காக அமர்ந்து முன் சக்கரங்களை இயக்குவதால் செவனின் அமைப்புக்குப் பொருந்தாது. பின் ஆக்சிலும் ஜிப்சியுடையதே. 80 குதிரைத்திறனைத் தாங்குமா என்ற ஐயத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் இவ்வளவு இலகுவான காருக்கு அது எடை மிகுந்தது, மேடு பள்ளத்தில் அந்த எடையைப் பின்பக்கத்தில் உணரவும் முடிகிறது. முன் ஹப்புகள், அதாவது சக்கரங்கள் பொருந்திச் சுழலும் நடு உறுப்புகள், மாருதி 800-இலிருந்து வந்தவை. பின்னே ஐந்து போல்ட், முன்னே நான்கு போல்ட் என்பதால் ஒரே ஸ்டெப்னி இரண்டு பக்கமும் போகாது, அதை ஏற்றுக்கொண்டோம்.

பழைய வண்டியை வாங்குவதைப் பேசும்போதே சட்டத்தையும் பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் இதைக் கடைசியில் யோசிக்கிறவர்கள் மிகுந்த ஏமாற்றத்துக்கு ஆளாவார்கள். இந்தியாவில் வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்து சாலையில் ஓட்டுவதற்கு நடைமுறையில் வழி இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிவில்லாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். புதிய வாகன மாதிரியைப் பதிவுக்குக் கொண்டுவர, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை அமைப்பின் ஒப்புதல் தேவை; அது தொழிற்சாலைகளுக்காக வகுக்கப்பட்ட நடைமுறை. பிரிட்டனில் தனி ஒருவர் கட்டிய ஒற்றை வண்டியைச் சோதித்து ஒப்புதல் தரும் ஐ.வி.ஏ. என்ற முறை 2009 முதல் இருக்கிறது. கடுமையான சோதனையாக இருந்தாலும் அப்படி ஒரு கதவு நம் நாட்டிலும் திறக்கப்பட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதுவரை இந்தக் கார் தனியார் நிலத்துக்கும் பந்தயத் தடத்துக்கும் உரியது, லாரியில் ஏறித்தான் அங்கே போக வேண்டும்.

ஜிப்சியைக் கழற்றியவுடன் செய்ய வேண்டிய ஒரு கடமையும் உண்டு. ஒரு வண்டி நிரந்தரமாகப் பயன்பாட்டை இழந்தால் அதன் உரிமையாளர் பதினான்கு நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று 55-ஆம் பிரிவு சொல்கிறது. காயலான் கடையில் என்ஜினை மட்டும் வாங்குகிறவர்களும் என்ஜின் எண் எழுதிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது.

வரைபடத்தை முடித்து, சட்டகத்துக்குக் குழாய் வாங்கி வந்த பிறகு அண்ணன் என்னிடம், "மொதல்ல ஆளு உக்காரட்டும்டா, அப்புறம் குழாய அறுப்போம்" என்றார். ஒட்டுப்பலகையில் தரை, இருக்கை, நடுத் தடுப்பு, பெடல் பலகை ஆகியவற்றைச் செய்து, ஸ்டியரிங் வளையத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம். செவன் மிகக் குறுகலான கார். ஜிப்சியின் கியர்பாக்ஸ் நடுவில் அடைத்துக்கொண்டபின் ஓட்டுநரின் கால்களுக்கு எஞ்சும் அகலம் காகிதத்தில் போதுமானதாகத் தோன்றினாலும், செருப்போ ஷூவோ அணிந்த கால் பிரேக்கை மிதிக்கும்போது பக்கத்துப் பெடலைத் தொடாமல் இருக்க வேண்டும். பலகையில் ஆணியைப் பிடுங்கி மாற்றி அடிப்பது எளிது. எஃகில் அது இயலாது. பெடல்களின் இடம் உறுதியான பிறகுதான் என்ஜின் எவ்வளவு முன்னே நிற்கலாம் என்பது தெரிந்தது, அதன் பிறகே சட்டகத்தின் நீளம் முடிவானது.

சட்டகத்துக்கு 1 இஞ்ச் சதுரக் குழாய், 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் தடிமன் எடுத்துக்கொண்டோம். 20 அடி நீளக் குழாய் ஒன்று ஏறக்குறைய ஏழு கிலோ எடையுள்ளது. எங்கள் பட்டறையில் அளவுகள் நூல் கணக்கில்தான் புழங்கும். ஓர் இஞ்ச்சுக்கு எட்டு நூல். கதவும் கிரில்லும் செய்வதற்கு அரை நூல் வேறுபாடு பொருட்டே இல்லை. சட்டகத்திலும் பல இடங்களில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் தாங்கிகளில் அரை நூல் என்பது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கூடுதல். அதை அனுமதித்தால் சக்கரங்களின் நேர்மை குலையும். ஆகவே இந்தக் காருக்கு மில்லிமீட்டர் தவிர வேறு அளவே பேசுவதில்லை என்று முடிவு செய்து, டேப்பையும் ஒரே ஒரு டேப்பாக வைத்துக்கொண்டோம்.

முதலில் ரசமட்டம் பார்த்து ஒரு மேசையை அமைத்து, அதன்மேல் சட்டகத்தின் அடிப்பகுதியைக் கிடத்தி, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வரும்வரை நகர்த்தி, பிறகே டேக் அடித்தோம், அதாவது மூட்டுகளைப் புள்ளி புள்ளியாக மட்டும் வெல்டு வைத்து நிறுத்தினோம். எல்லாக் குழாய்களும் டேக்கில் நின்ற பின்புதான் முழு வெல்டிங். வெல்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கமாக இழுக்கும் என்பதால், இடப்புறம் ஒரு மூட்டு, வலப்புறம் அதற்கு நேரான மூட்டு என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். அண்ணன் இதில் காட்டிய பொறுமையை நான் வியந்து பார்த்தேன். ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் அங்கேயே நான்கு மூட்டுகளையும் முடித்துவிட எந்த வெல்டருக்கும் கை துடிக்கும். அவர் ஒவ்வொரு மூட்டுக்கும் எழுந்து சுற்றி வந்தார்.

நகல் கட்டுகிறவர்களுக்கு நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இந்தக் குழாய்க் கூண்டின் காரணத்தைப் பற்றித்தான். நான்கு குழாய்களால் ஆன சதுரம் மூலைகளில் எவ்வளவு நன்றாக வெல்டு செய்யப்பட்டிருந்தாலும் பக்கவாட்டு விசையில் சாய்சதுரமாகச் சாய முயலும். குறுக்கே ஒரு மூலைவிட்டக் குழாய் வந்துவிட்டால் அது இரண்டு முக்கோணங்களாகி, குழாய்கள் வளைவதற்குப் பதிலாக நீளவாக்கில் இழுவிசையையோ அழுத்தத்தையோ தாங்கத் தொடங்குகின்றன. மெல்லிய குழாய் வளைவுக்குத்தான் பலவீனமானது. நீளவாக்கில் அது வியப்பூட்டும் வலிமை கொண்டது. மூலச் செவனில் தரையிலும் பக்கங்களிலும் ரிவெட் அடித்த அலுமினியத் தகடுகள் அழகுக்காக இல்லை. அவையும் மூலைவிட்டத்தின் வேலையைச் செய்கின்றன. செவனின் படத்தை மட்டும் பார்த்துக் கட்டுகிறவர், என்ஜினுக்கு இடம் போதவில்லை என்று ஒரு சாய்வுக் குழாயை எடுத்துவிடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் முழுவதும் அந்த நொடியிலிருந்து வளையும் குழாய்களை நம்பி நிற்கிறது.

எங்களுக்கும் அந்த இடைஞ்சல் வந்தது. ஜிப்சி என்ஜினுக்குள் காற்று நுழையும் இன்டேக் பக்கம் ஒரு சாய்வுக் குழாயோடு முட்டியது. அதை நகர்த்துவதற்கு முன் சட்டகத்தின் முறுக்குத் தாங்கும் திறனை அளந்தோம். நகர்த்திய பின்பும் அளந்தோம். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. சட்டகத்தின் பின் சஸ்பென்ஷன் தாங்கிகளைக் கனமான கான்கிரீட் கட்டைகளோடு இறுக்கிக் கட்ட வேண்டும். முன்பக்கத்தை நடுமையத்தில் ஓர் ஆங்கிளின் விளிம்பில் மட்டும் தாங்க வைத்து, இருபுறமும் ஆடும்படி விட வேண்டும். முன்பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கனமான குழாயைக் கட்டி, மையத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளி எடையைத் தொங்கவிட வேண்டும். நாங்கள் இரண்டு சிப்பம் அரிசியைத் தொங்கவிட்டோம். 50 கிலோ, ஆகவே முறுக்கு விசை சுமார் 490 நியூட்டன்-மீட்டர். முன்பக்கத்தில் கட்டிய ஒரு மீட்டர் நீளமுள்ள முள்ளின் நுனி ஒரு டிகிரிக்கு 17.5 மில்லிமீட்டர் நகரும். உதாரணமாக, முள்ளின் நுனி ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கினால் சட்டகம் அரை டிகிரி முறுக்கிக்கொண்டது என்று பொருள். அப்படியானால் அதன் விறைப்பு டிகிரிக்கு ஏறக்குறைய 980 நியூட்டன்-மீட்டர். பின்பக்கத்திலும் ஒரு முள் வைத்து அங்கே ஏற்படும் சிறு அசைவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனை எங்களுக்குத் தந்த தெளிவுக்கு ஈடாக வேறெதையும் சொல்ல முடியாது. இன்டேக்குக்கு வழிவிட அந்தச் சாய்வுக் குழாயை எதிர்த் திசையில் சாய்த்துப் போட்டபோது விறைப்பு குறையவே இல்லை. அதே குழாயை வெறுமனே எடுத்துவிட்டுப் பார்த்தபோது முள் தெளிவாகக் கீழே இறங்கியது. என்ஜினுக்கு மேலே போல்ட்டில் கழற்றி மாட்டும்படி ஒரு சாய்வுக் குழாயைச் சேர்த்தபோது முறுக்கு கால் பங்குக்கு மேல் குறைந்தது. எந்தக் குழாய் உழைக்கிறது, எது வெறுமனே நிற்கிறது என்பதை அரிசி மூட்டையைக் கொண்டே தெரிந்துகொண்ட பிறகு, அதிகக் குழாய் சேர்த்தால் அதிக வலிமை என்ற எண்ணம் எங்களை விட்டுப் போனது. பெரிதாக எதையும் தடுக்காத இரண்டு குழாய்களை எடுத்தும்விட்டோம்.

முன் சஸ்பென்ஷனில் முதல் அளவு, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகரும் தண்டான ஸ்டியரிங் ரேக்கின் நீளம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரேக்கை மாருதி 800-இலிருந்து எடுத்தால் அதன் இரு உள் மூட்டுகளுக்கு இடையிலான தூரம் நம் கையில் இல்லை. சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் விஷ்போன் கைகளின் உள் அச்சுகளை நாம் விரும்பும் இடத்தில் வைக்கலாம். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பாமல் இருக்க வேண்டுமானால், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் உள் மூட்டு மேல், கீழ் விஷ்போன்களின் உள் அச்சுகளை இணைக்கும் கோட்டில் அமைய வேண்டும். டை ராட் நீளும் திசையும் அந்த இரு விஷ்போன்களின் திசைகள் சந்திக்கும் புள்ளியை நோக்க வேண்டும். ஆகவே மாற்ற முடியாத ரேக்கை முதலில் வரைந்து, அதற்கேற்ப அச்சுகளை வைப்பதே சரியான வரிசை. சட்டகத்தில் பொருத்திய பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு நேரான சட்டத்தைக் கட்டி, ஜாக்கியால் சக்கரத்தை மெல்ல ஏற்றி இறக்கி, வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக இழுத்துக் கட்டிய நூலிலிருந்து அந்தச் சட்டத்தின் இரு முனைகளின் தூரத்தையும் ஒவ்வொரு நிலையிலும் குறித்துக்கொண்டோம். ரேக்கின் தாங்கிக்கு அடியில் மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறையும் வரை சரி செய்தோம். இந்த வேலைக்கு அவசரம் கூடவே கூடாது. வேகத்தில் போகும்போது கை சற்றுத் தளர்ந்தால் கார் தன் விருப்பப்படி திரும்புவதைவிட அபாயமானது வேறில்லை.

முன் ஹப்பில் உயிரைக் காக்கும் விவரம் ஒன்று உண்டு. முன் சக்கர இயக்கமுள்ள காரின் ஹப்பில் பேரிங்கைச் சரியான அழுத்தத்தில் இறுக்கிப் பிடித்திருப்பது டிரைவ் ஷாஃப்ட்டின் நுனியும் அதன் பெரிய நட்டும்தான். நம் காரில் முன் சக்கரங்களுக்கு விசை போகாததால் டிரைவ் ஷாஃப்ட் தேவையில்லை என்று எடுத்துவிடத் தோன்றும். அப்படி எடுத்தால் பேரிங் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும். ஷாஃப்ட்டின் சக்கரப் பக்க மூட்டான வெளிப்புற சி.வி. ஜாயின்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஷாஃப்ட்டை நீக்கி, நட்டை அதற்குரிய முறுக்கு விசையில் இறுக்கிப் பூட்ட வேண்டும்.

பிரேக்கில், மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் வாக்குவம் பூஸ்டர் வைக்கவில்லை. இவ்வளவு எடை குறைந்த காருக்கு அது தேவைப்படாது, ஆனால் அதற்கேற்பப் பெடலைக் கணக்கிட வேண்டும். பெடலின் நெம்பு விகிதத்தை ஐந்துக்கு ஒன்று என்று வைத்தோம். கால் 30 கிலோ விசையோடு மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டில் 150 கிலோ விசை விழும். சிலிண்டரின் துளை முக்கால் இஞ்ச் என்றால் அதன் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். பிரேக் ஆயிலில் உண்டாகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 52 கிலோவைச் சற்றுத் தாண்டும். துளை சிறிதானால் அழுத்தம் கூடும், பெடல் ஆழமாகப் போகும். பெரிதானால் பெடல் கல்லாக நிற்கும், பிடிப்பு குறையும். பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு முன்பே பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும் என்பதால், எந்த நிலையிலும் முன் சக்கரமே முதலில் பூட்ட வேண்டும் என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொண்டோம்.

மூக்கும் மட்கார்டுகளும் ஃபைபரில் ஆனவை; 1960-இல் வந்த இரண்டாம் வரிசைச் செவனிலிருந்தே அவை அப்படித்தான் இருந்தன. இங்கே கடலூரின் கரையே எங்களுக்குப் பள்ளியானது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. அவற்றைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தேர்ந்த கைகள் தேவனாம்பட்டினம் முதல் துறைமுகம் வரை இருக்கின்றன. அவர்களில் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்து மூக்கின் அச்சைப் பார்த்துவிட்டு, அதைத் தொட்டே அதன் குறைகளைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடுகிறது. பட்டி பூசித் தேய்த்து மெழுகிட்ட மூல வடிவத்தின் மேல் அச்சை எடுத்து, அந்த அச்சின் உள்ளே வெளிப்பூச்சான ஜெல்கோட்டைப் பூசி, அது கையில் ஒட்டாமல் லேசாகப் பிசுபிசுக்கும் நிலைக்கு வந்ததும் கண்ணாடி இழை விரிப்பான மேட்டையும் ரெசினையும் அடுக்கடுக்காக வைத்து உருளையால் காற்றை வெளியேற்றும் முறையை அவர் செய்துகாட்டியபோதுதான் நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

"ஈரக்காத்துல மேட்டு வெக்காதீங்க சார், வெள்ளை பூத்துடும்" என்று அவர் சொன்னதை நாங்கள் கடைசிவரை கடைப்பிடித்தோம். கண்ணாடி இழையில் ஈரம் ஏறினால் ரெசின் அதோடு சரியாகப் பிணையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃபைபர் வேலையையே நிறுத்தி வைத்தோம். கோடையில் வேறு சிக்கல்: வெப்பத்தில் ரெசின் மிக விரைவாக இறுகும் என்பதால் அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைக் குறைத்து, சிறிய அளவுகளாகக் கலந்து, காலை வேளையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். அந்த இறுகலை விரைவுபடுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் எக்காரணம் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீயும் வெடிப்பும் நேரும். கோபால்ட்டை ரெசினில் முதலில் நன்றாகக் கரைத்த பின்பே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும், இரண்டு பாட்டில்களையும் ஒரே அலமாரியில் வைப்பதும் தவறு. வாசனையைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் ரெசின் ஆவிக்குரிய வடிகட்டி உள்ள முகமூடியை அணிய வேண்டும்.

கடற்கரை ஊரில் காரைக் கட்டுகிறவருக்கு உப்பு தொடர்ந்து வேலை தரும். உப்புப் படிவு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலூரில் பல இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டுகிறது. எனவே மழை பெய்யாவிட்டாலும் எஃகின் மேல் உப்பு நீர்ப் படலம் ஒன்று நிற்கிறது. குழாய்களின் முனைகளை முழுவதும் வெல்டு செய்து அடைத்தால் உள்ளே துரு ஏறாது; ஆனால் தகடு பொருத்த ரிவெட் துளை போடும்போது அந்த அடைப்பு திறந்துவிடும். துளைகளில் ஊடுருவும் மெழுகைச் செலுத்தினோம். எஃகுச் சட்டகமும் அலுமினியத் தகடும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும் என்பதால், இரண்டுக்கும் இடையில் பெயின்ட்டும் சீலன்ட்டும் இருக்க வேண்டும். ரிவெட்டையும் சீலன்ட்டில் தோய்த்தே அடிக்க வேண்டும். வயரிங்கிலும் ஃபைபர் உடல் ஒரு மாற்றத்தைக் கோருகிறது. தகர உடல் உள்ள காரில் விளக்கின் எர்த் உடல் வழியாகவே திரும்பிவிடும். ஃபைபரில் மின்சாரம் பாயாது, ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, சட்டகத்தில் பெயின்ட்டைச் சுரண்டிய ஒரே இடத்தில் சேர்த்து, மேலே கிரீஸ் பூசினோம்.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரேடியேட்டரின் அளவைவிட, மூக்கின் துளையில் நுழைந்த காற்று முழுவதும் ரேடியேட்டரின் வழியாகவே போகிறதா என்பதுதான் முக்கியம். ஓரங்களில் இடைவெளி இருந்தால் காற்று எளிய வழியில் நழுவிப் போய்விடும். தகடும் ரப்பரும் வைத்து அந்த இடைவெளிகளை அடைத்து, மின்விசிறி பொருத்திய பின், சித்திரை வெயிலிலும் நின்ற இடத்தில் என்ஜின் ஓடியபோது வெப்பமானி நிலையாக நின்றது.

முதல் ஓட்டத்துக்கு நண்பர் ஒருவரின் அரிசி ஆலையில் உள்ள கான்கிரீட் உலர்களம் கிடைத்தது. நெல் காயாத நாளில், சுற்றுச்சுவருக்குள், பதினான்கு அடி லாரியில் ஏற்றிப் போனோம். புதிய காரை ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு நட்டையும் முறுக்குமானியால் இறுக்கி, நட்டின் மேலும் அது அமர்ந்த இடத்தின் மேலும் சேர்ந்து விழும்படி மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருந்தோம். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். முதலில் நடக்கும் வேகத்தில் பிரேக், அடுத்து முதல் கியரில் இருபுறமும் வட்டங்கள், பிறகு நிறுத்தி என்ஜின் ஆறிய பின் வண்டிக்கு அடியில் படுத்துக் கோடுகளைப் பார்ப்பது என்று வரிசையை எழுதி வைத்திருந்தோம். பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்டு ராடின் ஒரு நட்டிலும் சைலன்சர் தாங்கியிலும் மட்டும் கோடு சற்று விலகியிருந்தது. ராடின் நட்டுக்கு நைலான் பூட்டு உள்ள நட்டு மாற்றினோம்; தாங்கிக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்தோம். அடுத்த சுற்றுகளில் இரண்டும் நிலைத்து நின்ற பிறகே இரண்டாம் கியருக்குப் போனோம்.